ஆறாவது கிராமம்

புக்கிட் கெலாடி தோட்டம்,
சிம்பாங் அம்பாட்.
5 ஜூன் 1953

என்னைவிட மூன்றே மாதம் முன்னால் பிறந்துவிட்டு, அதற்காக ஆயுள் முழுக்க அக்கா என்று கூப்பிடச் சொல்லும் பாக்கியலட்சுமிக்கு,

தம்பி சேகரன் எழுதுவது. நான் நலம். தோட்டத்தைச் சுற்றிப் போட்ட முள்கம்பிக்கு உள்ளே எல்லாரும் நலம். கம்பியும் நலம்.

போன மாதம் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. பெரியம்மா உனக்குப் பாக்கியம் என்று பெயர் வைத்தபோது கடைசி இரண்டு எழுத்தை விட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

மகாராணிக்கு முடிசூட்டிய அன்று அலோர் காஜா திடலில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்கள். ஆளுக்கு ஒரு காகிதக் கொடி, ஒரு பன். கொடியை ஆட்டிவிட்டுப் பன்னைத் தின்ன வேண்டும். நான் அவசரத்தில் பன்னை ஆட்டிவிட்டேன். வாத்தியார் பார்த்துவிட்டார். மகாராணி பார்க்கவில்லை, அதனால் பரவாயில்லை.

இந்த உறையில் ஒட்டியிருப்பது அந்த முடிசூட்டு முத்திரைதான். பக்குவமாக எடுத்து ஆல்பத்தில் வை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் தோட்டத்தை விட்டுப் போனபோது நாம் சேர்ந்து சேர்த்த ஆல்பம் உன் பங்குக்கு வந்தது, பூதக்கண்ணாடி என் பங்குக்கு வந்தது. பார்க்க முத்திரை இல்லாமல் நான் எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த லயத்து எறும்புகள் அத்தனை பேருக்கும் இப்போது எனக்கு முகம் தெரியும்.

இங்கே எல்லாம் பழையபடிதான். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டுகிறார்கள். காலையில் வெளியே போகும்போது கேட்டுக் காவல் தம்புசாமி அண்ணன் பையைக் கொட்டிப் பார்க்கிறார். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். நேற்றும், “பையில என்னடா கொண்டு போற?” என்றார். “கணக்குப் பாடம்ணே. அதுவும் பாதிதான் இருக்கு” என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

கம்பி போட்டதில் லாபம் பெண்களுக்குத்தான். துணி காயப்போட அரை மைல் நீளத்துக்குக் கொடி! துரை வேண்டாம் என்று தினமும் சொல்லி அனுப்புகிறார். தம்புசாமி அண்ணனும் தினமும் வந்து கத்துகிறார். மத்தியானம் பார்த்தால் வேலி முழுக்கச் சேலை. அம்மாவின் பச்சைச் சேலைதான் எப்போதும் முதலில் ஏறும்.

பதில் போடு. போடாவிட்டால் அடுத்த கடிதத்தில் செத்த எறும்பை வைத்து அனுப்புவேன்.

எறும்புகளின் நண்பன்,
சேகரன்


சுங்கை ரம்பாய்,
14 ஜூன் 1953

டேய் சேகரா,

முத்திரை கிடைத்தது. மகாராணியின் மூக்கின்மேல் உன் பெருவிரல் ரேகை இருக்கிறது. கை கழுவிவிட்டு ஒட்டக் கூடாதா?

பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. அப்பாவின் தையல் கடையில் வேலை அதிகம். பள்ளி விட்டு வந்ததும் பொத்தான் தைக்க உட்காருகிறேன். போன வாரம் அப்பா சொல்லிவிட்டார்: “இந்த வருஷத்தோட படிப்பு போதும். அடுத்த வருஷம் கடையிலயே உக்காரு.” அம்மா வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். “ஸ்டாம்பு ஒட்டுறதுக்குப் பேரு படிப்பா? நானும்தான் நாள் முழுக்க ஒட்டுப் போடுறேன்” என்றார். உனக்கு இந்தக் குசும்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

எங்கள் ஜெயா டீச்சரிடம் போய் அழுதேன். ஆகஸ்டு 22, சனிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. “உன் ஆல்பத்தைக் கொண்டு வா, நல்ல இடத்தில் வைக்கிறேன். எப்படியாவது உன் அப்பாவை அழைத்து வந்துவிடு. உன் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியையே அவரிடம் பேசட்டும்” என்றார். ஆக, என் படிப்பு இப்போது ஆல்பத்தின் ஒரே ஒரு பக்கத்தில் தொங்குகிறது.

எந்தப் பக்கம் என்று உனக்கே தெரியும். தோட்டத்து ரப்பர் ஆலையில் மெஷின் பூட்ட வந்த துரைக்கு அவர் ஊரிலிருந்து வந்த கடிதங்களில் இருந்ததே, பழங்காலக் கிராமங்களின் வரிசை. ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. “தலையே இல்லாத தபால்தலை” என்று நீ சிரிப்பாயே, அதுதான். பாலம் உள்ள கிராமம், மணிக்கூண்டுக் கிராமம், திராட்சைக் கிராமம், ஏரி, பனி. மொத்தம் ஆறு. நம்மிடம் ஐந்து. ஆறாவது வருவதற்குள் அந்தத் துரை கப்பல் ஏறிவிட்டார். பக்கத்தின் நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி காலிக் கட்டம்.

நேற்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் என்றால் அப்படி இருக்க வேண்டும். நாம் பிறந்த ஊரை எவனாவது முத்திரையில் போடுவானா? தகரமும் கம்பியும். அப்பா கம்பிக்குள் குடித்தனம் நடத்த மாட்டேன் என்று வந்தவர், இன்றுவரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் செய்தது சரிதான் போல.

சின்னம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா (ஆமாம், அக்காதான்),
பாக்கியம்


புக்கிட் கெலாடி தோட்டம்,
28 ஜூன் 1953

தகரத்தில் பிறந்து தங்கமாகிவிட்ட அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். “தகரமும் கம்பியும்” என்ற இடத்தை மூன்று முறை. சரி, இருக்கட்டும்.

இப்போது கையைத் துடைத்துக்கொண்டு உறைக்குள் இருக்கும் சின்னக் காகிதப் பொட்டலத்தைப் பிரி.

பிரித்தாயா? மூச்சு நின்றதா? ஆறாவது கிராமம்!

நடந்தது இதுதான். அம்மா பங்களாவில் மெஷின் துரை தங்கியிருந்த அறையைக் கூட்டும்போது மேசை இழுப்பறை திறக்கவில்லை. இழு இழு என்று இழுத்ததில் அது கையோடு வந்துவிட்டது. பின்னால் கசங்கிய உறை ஒன்று சிக்கியிருந்தது. முத்திரையை மட்டும் உறையோடு சேர்த்து வெட்டி அனுப்புகிறேன். அம்மாவிடம் கேட்காதே, அவளுக்கு மறதி.

குன்றின் அடியில் நீளநீளமான வீடுகள் இரண்டு வரிசை. கால் முளைத்த கோபுரம் ஒன்று. ஒரு சின்னக் கோயில். ஊரைச் சுற்றிக் கொடி படர்ந்த வேலி, வேலி முழுக்கத் திருவிழாத் தோரணம். ஊர்ப் பெயர் இருக்கும் இடத்தில் தபால்காரன் அச்சைக் குத்திவிட்டான். நல்ல பலசாலி.

முக்கியமான சேதி: தண்ணீரில் ஊறப் போடாதே. பழங்கால மை. சாயம் போய்விடும். காகிதத்தோடு அப்படியே கட்டத்தில் வை.

பல் கட்டிய டாக்டர்,
சேகரன்


சுங்கை ரம்பாய்,
7 ஜூலை 1953

அன்புத் தம்பி சேகரனுக்கு,

உன்னை அன்புத் தம்பி என்று எழுதுவது இதுதான் முதல் தடவை, தேதியைக் குறித்து வை.

முத்திரை கிடைத்தது. நீ தண்ணீரைப் பற்றி எழுதியதை நிதானமாகப் படித்தேன்.

சேகரா, ஆறிலும் அழகு இதுதான்! அந்த வீடுகளின் வரிசையைப் பார்த்தால் ஒருவர் வீட்டுக் குழம்பு வாசனை அடுத்த வீட்டுக்குத் தெரியும் போலிருக்கிறது. தோரணத்தில் எத்தனை நிறம்! முதலில் தொங்கும் பச்சைத் துணி ரொம்ப எடுப்பு. வாசல் பக்கத்தில் ஒரு மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தவத்தில் இருக்கும் துறவியாக இருக்க வேண்டும். சண்டை, சோதனை எதுவும் இல்லாத ஊர் என்று பார்த்தவுடனே தெரிகிறது. அந்த ஊரில் பிறந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

வகுப்பில் காட்டினேன். இந்த ஊருக்கு நானூறு வயதாவது இருக்கும் என்கிறார்கள். ஜெயா டீச்சர் இந்தப் பக்கத்தைக் கண்காட்சியின் நடு மேசையில் வைக்கப் போகிறாராம்.

நீ மட்டும் இல்லை என்றால் என் கதி என்ன ஆகியிருக்கும்?

நன்றி மறவாத,
பாக்கியம்


புக்கிட் கெலாடி தோட்டம்,
15 ஜூலை 1953

அக்காவுக்கு,

நானூறு வருஷமா! இதைப் படித்துவிட்டு ஆலைப் பக்கம் ஓடிப்போய்த் தனியாக நின்று சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று கேட்காதே. துறவி என்ற இடத்தில் வயிறே வலித்தது.

ஆனால் ஒன்று யோசித்தேன். நடு மேசை வேண்டாமே. நடுவில் வைத்தால் நாலு பேர் தொடுவார்கள், வெயில் படும், ஈ உட்காரும். ஓர் ஓரமாக, கொஞ்சம் இருட்டான இடமாகப் பார்த்து வைக்கச் சொல். அழகான பொருள் ஓரத்தில் இருந்தால்தான் மதிப்பு. அல்லது ஐந்தை மட்டும் வைத்தால்கூட என்ன? ஐந்தும் நல்ல எண்தான். கைக்கு ஐந்து விரல். ஆறாவது விரல் இருக்கிறவனைப் பார்த்து நாம் சிரிப்போம் இல்லையா?

சும்மா சொன்னேன். யோசி. சீக்கிரம் யோசி.

சேகரன்


சுங்கை ரம்பாய்,
26 ஜூலை 1953

தம்பிக்கு,

உனக்குத் தன்னடக்கம் கூட உண்டா? ஓரத்தில் வைப்பதா! நல்ல சேதியைக் கேள்.

மலாக்கா டவுனிலிருந்து ஒரு வயதான டாக்டர் வருகிறாராம். முப்பது வருஷமாக முத்திரை சேர்ப்பவர். ஒரு முத்திரையைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த ஆண்டு, எந்த அச்சகம், பசை எதில் செய்தது என்றுகூடச் சொல்லிவிடுவாராம். அவர்தான் பரிசு கொடுக்கப் போகிறவர். எல்லார் முன்னாலும் என் பக்கத்தை எடுத்து விளக்குவாராம். அப்பா பக்கத்திலேயே நிற்பார்.

அப்பாவும் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். “அந்த டாக்டரு வாயால நல்லதுன்னு சொன்னா அடுத்த வருஷமும் படி. ஏதாவது தில்லுமுல்லு இருந்துச்சு, அன்னைக்கே பைக்கட்டைக் கிணத்துல போட்டுருவேன்” என்றார். தில்லுமுல்லுக்கு நாம் எங்கே போக? எல்லாம் அசல் சரக்குதானே.

ஒரே ஓர் உதவி. அந்தப் பூதக்கண்ணாடியை அனுப்பி வை. டாக்டர் ஆறாவது கிராமத்தை நன்றாக உற்றுப் பார்க்கட்டும்.

பெருமையுடன்,
பாக்கியம்


புக்கிட் கெலாடி தோட்டம்,
12 ஆகஸ்டு 1953

பாக்கியம் அக்கா,

இந்தக் கடிதத்தில் சிரிப்பு குறைவு. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறாவது கிராமம் பொய். இழுப்பறையும் பொய். அது நான் வரைந்தது. எடுத்துவிடு. கண்காட்சிக்கு முன்னால் எடுத்துவிடு.

நீளநீளமான வீடுகள் நம் லயம். கால் முளைத்த கோபுரம் தண்ணீர்த் தொட்டி. கோயில் நம் மாரியம்மன் கோயில். தோரணம் வேலியில் காயும் சேலைகள். முள்கம்பிக்கு மேல் நான்தான் இலை போட்டுக் கொடி ஆக்கினேன். துறவி தம்புசாமி அண்ணன், மத்தியானத் தூக்கத்தில். முத்திரை ஓரத்துப் பல்லெல்லாம் குண்டூசியால் குத்தியது. தபால் அச்சு பத்துக் காசு நாணயத்தில் மை தடவி உருட்டியது.

ஏன் செய்தேன் என்றால், நம் ஊரை எவனாவது முத்திரையில் போடுவானா என்று கேட்டாயே, அதுதான். நீயே உன் வாயால் அழகு என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகு ஒரு நாள் உண்மையை உடைத்து உன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நீ அழகு என்று எழுதியும் விட்டாய். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நானூறு வருஷத்தைக் கேட்டதும் சிரிப்பு கெடுத்துவிட்டது. டாக்டர் வருகிறார் என்று படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

நேரில் வந்து சொல்லிவிடலாம் என்று போன சனிக்கிழமை புறப்பட்டேன். நீ நம்ப மாட்டாய் என்று நான் முதலில் போட்டுப் பார்த்த படங்களையும் பையில் எடுத்துக்கொண்டேன். கேட்டில் தம்புசாமி அண்ணன் பையைக் கொட்டினார். அவ்வளவுதான்.

“என்னடா இது? கேட்டு இருக்கு, காவல் கொட்டாய் இருக்கு, வேலி எங்க முடியுதுன்னு இருக்கு. யாருக்குடா கொண்டு போற?”

“எங்க அக்காவுக்குண்ணே. ஸ்டாம்புண்ணே.”

“ஸ்டாம்பா? இத்தாம் பெருசு ஸ்டாம்பா?”

ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். துரை படங்களைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஐயா என் அடையாளக் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார். இங்கே இருந்துகொண்டு ஓர் ஊரை வரைந்தால் அது படம் இல்லையாம், வரைபடமாம். இந்த வித்தியாசம் எனக்கு ஏன் முன்னால் தோன்றவில்லை? அன்றைக்கு நிஜமாகவே பயந்தேன் அக்கா.

அம்மா பங்களாவிலிருந்து கை ஈரத்தோடு ஓடி வந்தாள். படத்தைப் பார்த்தாள். “ஐயா, இதுல இருக்கிறது என் பச்சைச் சேலைங்க. எந்தத் திருட்டுப் பயலாவது சேலைக்கு இவ்வளவு பாத்துப் பாத்து கலர் அடிப்பானா?” என்றாள். கிராணி ஐயா இங்கிலீஷில் சொன்னார். துரை சிரித்துவிட்டார். தம்புசாமி அண்ணன் சிரிக்கவில்லை. அப்போதுதான் வாசலில் தூங்குவது யார் என்று அவருக்குப் பிடிபட்டது. “நான் எப்படா இவ்வளவு தொப்பையோட தூங்கினேன்?” தூங்கியதைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை, தொப்பையைப் பற்றித்தான்.

படங்கள் ஆபீசு இழுப்பறைக்குள் போய்விட்டன. (அந்த இழுப்பறை நிஜம்.) மாதம் முடியும்வரை பள்ளி லாரியைத் தவிர நான் வெளியே போகக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம். கிராணி ஐயா படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். கிராணி ஐயா, வணக்கம்.

இதோடு ஜெயா டீச்சருக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். முத்திரையைச் செய்தது, பொய் சொன்னது, உன்னை ஏமாற்றியது எல்லாம் நான்தான் என்று கையெழுத்துப் போட்டு, என் பள்ளியின் பெயரையும் வகுப்பையும் எழுதியிருக்கிறேன். அவர் எங்கள் தலைமையாசிரியருக்கு அனுப்பினாலும் அனுப்பட்டும். பிரம்படி எனக்குப் புதிது இல்லை. நீ பொத்தான் தைக்க உட்கார்ந்தால் மட்டும் என்னால் தாங்க முடியாது. பெரியப்பாவிடம் காட்ட வேண்டும் என்றாலும் காட்டு.

பூதக்கண்ணாடியை அனுப்புகிறேன். இனிமேல் அது உன்னுடையது.

சேகரன்


சுங்கை ரம்பாய்,
24 ஆகஸ்டு 1953

டேய் நானூறு வயதுக்காரா,

முதலில் ஒரு பாடம். முத்திரையைக் காகிதத்திலிருந்து எடுக்க எந்தச் சேகரிப்பாளரும் தண்ணீரில்தான் போடுவார். போடாதே என்று நீ எழுதியதைப் படித்து முடிப்பதற்குள் நான் போட்டுவிட்டேன். சாதாரணப் பசை பத்து நிமிஷத்தில் கரையும். உன் முத்திரை இரண்டு நாள் நீச்சல் அடித்தது, சாயம்கூடப் போகவில்லை. மூன்றாம் நாள் நகத்தால் கெல்லினேன். பின்னாலிருந்து ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தேன். ரப்பர் பால்! பட்டம் ஒட்டுகிற மாதிரி மரத்துப் பாலால் ஒட்டியிருக்கிறாயே, பனிமலை நாட்டில் எவனடா ரப்பர் மரம் வளர்க்கிறான்? நம் தோட்டத்துப் பிள்ளைகளைத் தவிர உலகத்தில் யாருக்கும் இந்தப் பிழை வராது. தபாலில் வந்த தப்பைக் காட்டிக் கொடுத்தது பால். (உனக்குத்தான் வார்த்தை விளையாட்டு வருமா?)

அதற்கு முன்னாலேயே பச்சைச் சேலை காட்டிக் கொடுத்துவிட்டது. நான் சின்னம்மா வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன், அதை எனக்குத் தெரியாதா?

ஆகவே, நானூறு வருஷம் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. மலாக்கா டாக்டர் என்று யாரும் இல்லை. ஒரு மாலை எட்டுச் சட்டைக்குப் பொத்தான் தைத்தபோது, ஆறாவது சட்டையில் அவர் பிறந்தார். அப்பா கண்காட்சிக்கு ஒப்புக்கொண்டதும் என் கற்பனைதான். ஆனால் அழகு என்று எழுதினேனே, அது பொய் இல்லை. அப்போதே முடிவு செய்துவிட்டேன், உன்னைப் பழி வாங்கவும் வேண்டும், அதை மேசையில் வைக்கவும் வேண்டும் என்று.

நீ கேட்டில் மாட்டியதைப் படித்ததும் கையிலிருந்த பொத்தானைக் கீழே வைத்துவிட்டேன். விளையாட்டு அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு மட்டும் மன்னித்துக்கொள். எழுத்தில் நான் மன்னிப்புக் கேட்பதும் இதுதான் முதல் தடவை, இந்தத் தேதியையும் குறித்து வை.

இப்போது சனிக்கிழமை நடந்ததைக் கேள்.

அப்பா வருவதாக இல்லை. “கடையை யாரு பாப்பா?” என்று மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். உன் கடிதத்தை மிஷின்மேல் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன்.

பதினொரு மணிக்கு வாசலில் நிற்கிறார். வெள்ளைச் சட்டை. கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்திருக்கிறார். நேராக நடு மேசைக்கு வந்தார். ஆறாவது கட்டத்தின் கீழே நான் ஜூலையிலேயே எழுதி ஒட்டியது இது:

“புக்கிட் கெலாடி தோட்டம், மலாக்கா. வரைந்தவர் ந. சேகரன். இன்னும் வெளியிடப்படவில்லை.”

உன் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. விரலை வைத்து எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணாவது நம்ம வீடு.” பிறகு கண்ணாடியை வேலி நெடுக மெல்ல நகர்த்தினார். நான் பயந்துவிட்டேன். கடைசியில், “பயலுக்கு ஊசி பிடிக்கத் தெரியல. பல்லு பூரா ஏறுமாறா இருக்கு. எங்கிட்ட கேட்டிருந்தா நூல் கோக்காம மிஷின்ல ஓட்டிக் கொடுத்திருப்பேன்ல” என்றார்.

தலைமையாசிரியை வந்தார். உன் மன்னிப்புக் கடிதத்தை ஜெயா டீச்சர் ஏற்கெனவே அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார். “இந்த முத்திரையை எப்போது வெளியிடுவார்கள்?” என்று என்னைக் கேட்டார். “வேலியை எடுத்த பிறகு மேடம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். பிறகு அப்பாவிடம் என் படிப்பைப் பற்றி ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை. “படிக்கட்டும்மா. பொத்தானை நானே தைச்சுக்கிறேன்” என்று அப்பா சொல்லிவிட்டார். பாவம், தலைமையாசிரியை ஒரு பக்கத்துக்குப் பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தார்.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. கிளிஞ்சலில் கப்பல் செய்த பெண்ணுக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா திடீரென்று கேட்டார்: “சிம்பாங் அம்பாட்டுக்கு ஞாயித்துக்கிழம முத பஸ்ஸு எத்தன மணிக்கு?” செப்டம்பர் 6 அன்று மூவரும் வருகிறோம். சின்னம்மாவிடம் சொல்.

உன் கண்ணாடியைத் திரும்ப எடுத்து வருகிறேன். எறும்புகள் உன்னைத் தேடும்.

அடுத்த வருஷமும் மாணவி,
பாக்கியம்


புக்கிட் கெலாடி தோட்டம்,
30 ஆகஸ்டு 1953

ஆறாவது சட்டையில் டாக்டர் பெற்ற அக்காவுக்கு,

தோற்றேன். முதல் தடவை. தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள மாட்டேன்.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அப்பா இரண்டு முறை, “சிவசாமி அண்ணனா வர்றாரு?” என்று உன் அப்பாவைப் பற்றிக் கேட்டார். பிறகு ரப்பர் காய வைக்கும் புகைவீட்டு வேலைக்குப் போகிறவர் வழியெல்லாம் நின்று நின்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டே போனார். அம்மா பெட்டியைத் திறந்து எதையோ தேடினாள்.

கேட்டில் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். அரிசி, சீனி எதுவும் கொண்டு வராதீர்கள், வெறுங்கையோடு வாருங்கள். தம்புசாமி அண்ணனுக்குப் பெரியப்பாவைத் தெரியும். “சோதனை போடத்தான் போடுவேன், டூட்டி. ஆனா மொதல்ல கை குடுத்துட்டுத்தான் போடுவேன்” என்கிறார். இன்னொரு படம் போட்டால் தன்னை நிற்க வைத்துப் போட வேண்டுமாம், வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறாராம். இனிமேல் அவர் அனுமதியோடுதான் வரைவேன். கிராணி ஐயா, இதைக் கவனிக்கவும்.

பெரியப்பாவிடம் ஒன்று சொல். ரோட்டு வளைவு தாண்டியதும் பஸ்ஸில் இடது பக்கம் பார்க்கச் சொல். அம்மா அன்று விடியும்போதே பச்சைச் சேலையைக் கம்பியில் போட்டுவிடுவாளாம். “அது சுத்தமாத்தானே இருக்கு, எதுக்கும்மா தொவைக்கிற?” என்று கேட்டேன். “தொவைக்கலைடா. பஸ்ஸுல வர்றவங்களுக்கு எந்த ஊருன்னு தெரிய வேணாமா?” என்றாள்.

ஊர்ப் பெயரின்மேல் இந்தத் தடவை யாரும் அச்சுக் குத்த முடியாது.

தம்பி,
சேகரன்